எந்தத் தரவுக்கு எந்த வரைபடம்? தொடக்கநிலையினருக்கு

எக்செலைத் திறந்ததும் பலருடைய கை நேராக வட்டப் படத்துக்குத்தான் போகிறது. வண்ணம் நிறைந்திருப்பதால் அதன்மேல் ஒரு மயக்கம். படத்தைத் தேர்ந்தெடுப்பது கண்ணின் வேலையல்ல, கேள்வியின் வேலை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தமிழ்நாட்டு எண்களை வைத்தே பழகுவோம்.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

"மக்கள்தொகை" என்பது தலைப்பு, கேள்வியல்ல. "எந்த மாவட்டத்தில் மக்கள் அதிகம்?" என்பது கேள்வி. ஒரு தாளில் ஒரே வரியாக எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: ஒப்பிடுவதற்குப் பட்டை

நான்கு மாவட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்: சென்னை 46.46 லட்சம், காஞ்சிபுரம் 39.98, வேலூர் 39.36, கோவை 34.58. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள்; அகர வரிசை இங்கே உதவாது. மாவட்டப் பெயர்கள் நீளமானால் பட்டைகளைப் படுக்கையாகப் போடுங்கள்.

அளவைக் காட்டும் அச்சு பூச்சியத்தில் தொடங்கியே ஆக வேண்டும். 30 லட்சத்தில் தொடங்கினால் சென்னையின் பட்டை கோவையைப் போல மூன்றரை மடங்கு நீளும். உண்மையில் சென்னை ஒன்றே கால் மடங்கைவிடச் சற்றுத்தான் கூடுதல். செய்திப் படங்களில் இந்த வித்தையை அடிக்கடி பார்க்கலாம், நீங்களும் செய்யாதீர்கள்.

படி 3: காலத்துக்குக் கோடு

தமிழ்நாட்டின் மக்கள்தொகை 1951இல் 3.01 கோடி, 1961இல் 3.37, 1971இல் 4.12, 1981இல் 4.84, 1991இல் 5.59, 2001இல் 6.24, 2011இல் 7.21. கோடாக வரைந்தால் 1961க்குப் பிறகு அது நிமிர்வதும், 1991க்குப் பிறகு சற்றுத் தளர்வதும், கடைசிப் பத்தாண்டில் மீண்டும் எழுவதும் தெரியும். ஆண்டுகளுக்கிடையே இடைவெளி சமமாக இருக்கட்டும். மாவட்டங்களைக் கோட்டால் இணைக்காதீர்கள்: அரியலூரிலிருந்து சென்னைக்கு ஏறும் கோடு எதைச் சொல்லும்?

படி 4: பங்குக்கு மட்டும் வட்டம்

ஊரகம் 51.6%, நகர்ப்புறம் 48.4%. கூட்டினால் நூறு, வட்டம் பொருந்தும். ஆண்களின் எழுத்தறிவு 86.77%, பெண்களின் எழுத்தறிவு 73.44% ஆகிய இரண்டும் ஒரே முழுமையின் துண்டுகள் அல்ல, அவற்றுக்குப் பட்டைதான். அன்றிருந்த 32 மாவட்டங்களையும் ஒரே வட்டத்தில் திணித்தால் எவராலும் படிக்க முடியாது. நான்கைந்து துண்டுகளுக்கு மேல் போனாலே நான் பட்டைக்கு மாறிவிடுவேன்.

படி 5: உறவைத் தேட சிதறல் படம்

நகர்ப்புற மக்கள் கூடும் மாவட்டங்களில் எழுத்தறிவும் கூடுகிறதா? கிடை அச்சில் நகர்ப்புற விழுக்காடு, செங்குத்து அச்சில் எழுத்தறிவு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு புள்ளி. முழுக்க நகரமான சென்னை 90.18 விழுக்காட்டில் நிற்க, கன்னியாகுமரி 91.75இல் அதற்கும் மேலே நிற்கும். புள்ளிகள் சேர்ந்து ஏறினாலும், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

வயதைப் போன்ற தொடர்ச்சியான அளவுகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பார்க்க, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்று காட்டும் நிகழ்வுச் செவ்வகம் (histogram) போதும். 0–9, 10–19 என்று பிரித்து, பட்டைகளை ஒட்டி வரையுங்கள்.

எந்தப் படமானாலும் அச்சில் அலகையும் தலைப்பில் ஆண்டையும் எழுதிவிட்டு வெளியிடுங்கள்.