‘நோட்டீஸ்’ எந்த வினையோடு போகும்?

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழருக்கு ‘நோட்டீஸ்’ அன்றாடச் சொல். ஐ.டி. வேலையை விடுகிறவரும் நோட்டீஸ் கொடுக்கிறார், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஓனரும் நோட்டீஸ் கொடுக்கிறார், மார்க்கெட் வாசலில் கடைத் திறப்புக்குத் தாள் நீட்டும் பையனும் நோட்டீஸ்தான் கொடுக்கிறான். தமிழில் ‘கொடு’ ஒன்றே போதும். ஆங்கிலத்தில் அப்படி ஓடாது.

கடைசியில் சொன்னது ஆங்கிலத்தில் நோட்டீஸே அல்ல. அது லீஃப்லெட், ஃப்ளையர், அல்லது பழைய வழக்கில் ஹேண்ட்பில். சுவரில் ‘நோட்டீஸ் ஒட்டாதீர்’ என்று எழுதுவதற்குக்கூட ஆங்கிலத்தில் ‘ஸ்டிக் நோ பில்ஸ்’தான்.

மற்றவற்றுக்கு ஒரு சோதனை உண்டு: முன்னால் ‘எ’ வருமா என்று பாருங்கள். ஒட்டவோ அனுப்பவோ முடிகிற தாள் என்றால் வரும்: ‘புட் அப் எ நோட்டீஸ்’, ‘இஷ்யூ எ நோட்டீஸ்’, ‘ரிப்ளை டு எ நோட்டீஸ்’. முன்கூட்டிச் சொல்வது, கவனிப்பது என்ற பொருள்களில் வராது: ‘கிவ் நோட்டீஸ்’, ‘டேக் நோட்டீஸ்’. ‘கிவ் எ மன்த்ஸ் நோட்டீஸ்’ என்பதில் இருக்கும் ‘எ’ மாதத்துக்கு உரியது, நோட்டீஸுக்கு அல்ல.

அதிகம் சறுக்குவது வேலையை விடும்போது. ராஜினாமா கொடுப்பது ‘ஹேண்ட் இன் மை நோட்டீஸ்’, ‘மை’ விடக்கூடாது. அதற்குப் பின் வேலை செய்யும் நாட்களைக் கழிப்பது ‘சர்வ் மை நோட்டீஸ் பீரியட்’. இங்கே எல்லாரும் சொல்லும் ‘ஐ ஆம் ஆன் நோட்டீஸ் பீரியட்’ நமக்குள் செல்லும். ஆனால் வெளிநாட்டு கிளையண்டிடம் அதைச் சுருக்கி ‘ஐ ஆம் ஆன் நோட்டீஸ்’ என்றால், இவருக்கு ஏதோ எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள் என்று அவர் நினைக்கலாம். ‘புட் சம்ஒன் ஆன் நோட்டீஸ்’ என்றால் எச்சரிப்பது. கால அளவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘டூ மன்த்ஸ் நோட்டீஸ்’ என்றால் எஸ்ஸும் அதன்பின் அபாஸ்ட்ரஃபியும் வேண்டும். ‘டூ-மன்த் நோட்டீஸ் பீரியட்’ என்றால் எஸ் வரவே கூடாது. ரெஸ்யூமேயில் இரண்டையும் கலந்து ‘டூ மன்த்ஸ் நோட்டீஸ் பீரியட்’ என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை.

வாடகை வீட்டில், ஓனர் ‘கிவ்ஸ் த டெனன்ட் நோட்டீஸ்’; காலி செய்யச் சொல்வது ‘நோட்டீஸ் டு க்விட்’. மாத வாடகைக்கு வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 106 கேட்பது ‘ஃபிஃப்டீன் டேஸ் நோட்டீஸ்’. இங்கும் அபாஸ்ட்ரஃபி எஸ்ஸுக்குப் பின்னால்தான்.

வக்கீல் விஷயத்துக்கு வந்தால் வினை ‘சர்வ்’, கூடவே ‘ஆன்’: ‘சர்வ் எ நோட்டீஸ் ஆன் சம்ஒன்’. ‘டு’ போடுவது நம் ஊர்ப் பழக்கம். ஆளை முன்னால் வைத்தால் ‘சர்வ் சம்ஒன் வித் எ நோட்டீஸ்’. சட்டப் பிரிவோடு சேரும்போது ‘அண்டர்’: செக் திரும்பினால் அனுப்புவது ‘எ நோட்டீஸ் அண்டர் செக்‌ஷன் 138’. செக் திரும்பியதை வங்கி தெரிவித்த 30 நாளுக்குள் அதை அனுப்ப வேண்டும்; கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள் அவகாசம். அலுவலகத்தில் விளக்கம் கேட்டு வருவது ‘ஷோ-காஸ் நோட்டீஸ்’. ஒரே ‘சர்வ்’ வேலையிலும் கோர்ட்டிலும் வருவதால், பின்னால் ‘பீரியட்’ இருக்கிறதா ‘ஆன்’ இருக்கிறதா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

‘இன் எ ஷார்ட் நோட்டீஸ்’ தவறு. ‘எ’-யும் வேண்டாம், ‘இன்’-னும் வேண்டாம். பிரிட்டிஷ் வழக்கில் ‘அட் ஷார்ட் நோட்டீஸ்’, அமெரிக்க வழக்கில் ‘ஆன் ஷார்ட் நோட்டீஸ்’. மீட்டிங்குக்கு அவசரமாக வந்தவருக்கு நன்றி சொல்ல: ‘தேங்க்ஸ் ஃபார் கமிங் அட் சச் ஷார்ட் நோட்டீஸ்’. லிஃப்ட் கதவில் ஒட்டுவது ‘அவுட் ஆஃப் சர்வீஸ் அன்டில் ஃபர்தர் நோட்டீஸ்’. இதில் எதையும் மாற்றாமல் அப்படியே எழுதுங்கள்.

கவனம் என்ற பொருளில், ‘டேக் நோ நோட்டீஸ் ஆஃப்’ என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது. ‘எஸ்கேப்ட் மை நோட்டீஸ்’ என்றால் என் கண்ணில் படாமல் போனது. ‘இட் ஹாஸ் கம் டு மை நோட்டீஸ்’ என்று ஆரம்பித்தாலே ஹெச்.ஆர். கண்டிக்கும் தொனி வந்துவிடும்; சக ஊழியருக்கு எழுதும் மெயிலில் ‘ஐ நோட்டீஸ்ட்’ போதும். ‘கவனிக்கவும்’ என்பதற்கு ‘ப்ளீஸ் நோட்டீஸ்’ என்று எழுதாதீர்கள். அது ‘ப்ளீஸ் நோட்’.

நாடகத்துக்கு ‘குட் நோட்டீசஸ்’ கிடைத்தது என்றால் நல்ல விமர்சனம் வந்தது என்று பொருள். அரிதுதான்; படிக்கும்போது புரிந்தால் போதும்.

குறித்துவைக்கும்போது சொல்லை மட்டும் எழுதாதீர்கள்; வினை, ‘எ’ உண்டா இல்லையா, பின்னால் வரும் சிறுசொல் மூன்றையும் சேர்த்து ஒரே வரியில் எழுதுங்கள்: ‘சர்வ் – எ – ஆன்’, ‘டேக் – எ இல்லை – ஆஃப்’. சந்தேகம் வந்தால் சாதாரண அகராதியைவிடக் கலோகேஷன் அகராதி உதவும்; அதில் பொருளைவிடக் கூட்டாளிச் சொற்களுக்குத்தான் இடம் அதிகம்.