மியூசிக் தியரி புத்தகத்தைக் கையாலும் காதாலும் படிக்கும் முறை

ஆரம்பநிலை மியூசிக் தியரி புத்தகங்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் போகும். ஐந்து கோடுகள், நோட்டுகளின் (சுரங்களின்) பெயர்கள், கால அளவு, ஸ்கேல் (நோட்டுகளின் ஏறுவரிசை), இடைவெளி, கீ சிக்னேச்சர், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுகள்). இதில் கீ சிக்னேச்சர் வரும் இடத்தில்தான் பலரும் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். அதுவரை மனப்பாடத்திலேயே ஓட்டிவிடலாம். அதற்கு மேல், முன்பு படித்ததை எல்லாம் வைத்துக் கணக்குப் போட வேண்டும். கண்ணால் மட்டும் படித்து வந்தவர் அங்கே திணறுவது இயல்பு.

ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு கட்டுப்பாடு வேண்டும்: பக்கத்தில் உள்ள நோட்டை வாசித்தோ பாடியோ பார்க்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பக் கூடாது. வேகம் குறையும், குறையட்டும்.

தேவையானவை

ஒரு கீபோர்டு. 61 கட்டைகள் தாராளம். இரண்டு ஆக்டேவ் உள்ள சின்னக் கீபோர்டோ போனில் உள்ள ஆப்போகூடத் தொடங்குவதற்குப் போதும். நீங்கள் கற்பது கிட்டாரோ வயலினோ ஆனாலும், தியரிக்குக் கீபோர்டையே பக்கத்தில் வையுங்கள். நோட்டுகள் வரிசையாகக் கண்ணுக்குத் தெரிவது அதில்தான். ஐந்து கோடு அச்சிட்ட தாள், பென்சில், ரப்பர், சீராகத் தட்டிக் காலம் காட்டும் ஒரு மெட்ரோனோம், இவ்வளவுதான். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.

புத்தகம் வாங்கும்போது பின்பக்கத்தில் பயிற்சிகளுக்கு விடை இருக்கிறதா என்று பாருங்கள். விடை இல்லாத தியரி புத்தகம் தனியாகப் படிப்பவருக்கு உதவாது. இன்னொன்று, அமெரிக்கப் புத்தகங்களில் குவார்ட்டர் நோட் என்று வருவதுதான் பிரிட்டிஷ் புத்தகங்களில் கிராட்செட். இரண்டு புத்தகங்களைக் கலந்து படித்தால் இதில் குழப்பம் வரும். ஒன்றை எடுத்து முடியுங்கள்.

படி 1: கட்டைகளையும் செமிடோனையும் பழகுங்கள்

புத்தகம் ஐந்து கோட்டில் தொடங்கினாலும் நீங்கள் கீபோர்டில் தொடங்குங்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். இரண்டு கறுப்பு உள்ள கூட்டத்துக்கு இடப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை சி. அங்கிருந்து வலப்பக்கமாக டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி. பிறகு மறுபடியும் சி. ஒரு சி-யிலிருந்து அடுத்த சி வரை ஓர் ஆக்டேவ். ஆக்டேவ் ஏறினால் அதிர்வெண் சரியாக இரட்டிப்பாகும்: இசைக்கருவிகளைச் சுருதி சேர்க்கப் பயன்படும் ஏ 440 ஹெர்ட்ஸ் என்றால், அடுத்த ஏ 880.

எந்தக் கட்டையிலிருந்தும் அதற்கு அடுத்த கட்டைக்குள்ள தூரம் ஒரு செமிடோன். அடுத்தது கறுப்பா வெள்ளையா என்பது பொருட்டல்ல. இரண்டு செமிடோன் சேர்ந்தால் ஒரு டோன். ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது; பி-க்கும் சி-க்கும் நடுவிலும் கிடையாது. அந்த இரண்டு இடங்களில் வெள்ளையிலிருந்து வெள்ளைக்கே செமிடோன்தான். பின்னால் வரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த இரண்டு இடங்களை மறப்பதால் வருபவை. ஆகவே ஏதாவது ஒரு கட்டையைத் தொட்டு, 'இதிலிருந்து நான்கு செமிடோன் மேலே எது, மூன்று கீழே எது' என்று தயங்காமல் சொல்ல வரும்வரை இதே படியில் இருங்கள். எண்ணும்போது தொடங்கும் கட்டையை ஒன்று என்று எண்ணக் கூடாது. முதல் நகர்வுதான் ஒன்று.

கர்நாடக சங்கீதம் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷட்ஜத்தை எந்தக் கட்டையிலும் வைத்துக்கொள்ளலாம். சி அப்படி இடம் மாறாது, அது எப்போதும் அந்தச் சுருதிதான். மற்றபடி உங்கள் காது ஏற்கெனவே தயார்: சி மேஜர் ஸ்கேலில் வரும் ஏழு இடங்களும் சங்கராபரணத்தின் சுரஸ்தானங்களே, கமகம் மட்டும் இருக்காது.

படி 2: கால அளவு

ஹோல் நோட் நான்கு பீட் (தாளத் தட்டு), ஹாஃப் நோட் இரண்டு, குவார்ட்டர் நோட் ஒன்று, எய்த் நோட் அரை, சிக்ஸ்டீன்த் நோட் கால். நோட்டுக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தால் அதன் மதிப்பில் பாதி கூடும்: புள்ளி வைத்த ஹாஃப் நோட் மூன்று பீட்.

மெட்ரோனோமை 60-இல் வையுங்கள். நொடிக்கு ஒரு தட்டு. புத்தகத்தில் உள்ள தாளப் பயிற்சியை வாயால் 'ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு' என்று எண்ணிக்கொண்டே கையால் தட்டுங்கள். மனத்துக்குள் எண்ணினால் கடினமான இடம் வந்ததும் எண்ணிக்கை தானாக மெதுவாகிவிடும், அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. எய்த் நோட் வரும்போது நடுவில் 'உம்' சேர்த்து 'ஒன்று உம் இரண்டு உம்' என்று எண்ணலாம்.

வேகமான நோட்டுகளில்தான் தப்பு வரும் என்று நினைப்போம். உண்மையில் நீளமான நோட்டுகளும் மௌனங்களுமே முதலில் சறுக்கும். மூன்று பீட் நிற்க வேண்டிய நோட்டை இரண்டரையில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும் கை. மௌனத்தையும் வாயால் எண்ணிக் கடந்தால் இது சரியாகும்.

வரியின் தொடக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு எண்கள் இருக்கும், அதுதான் டைம் சிக்னேச்சர். அதில் மேலே உள்ள எண் ஒரு பாரில் (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவிலுள்ள பகுதியில்) எத்தனை என்பதையும், கீழே உள்ள எண் எந்த வகை நோட்டை எண்ணுகிறோம் என்பதையும் சொல்லும். அது பின்னம் அல்ல. 3/4, 6/8 இரண்டிலும் ஒரு பாருக்குள் ஆறு எய்த் நோட்டுகள் அடங்கும், ஆனால் அழுத்தம் வேறு. 3/4-இல் இரண்டிரண்டாக மூன்று கூட்டம். 6/8-இல் மும்மூன்றாக இரண்டு கூட்டம். ஒன்றிலிருந்து ஆறு வரை விடாமல் எண்ணிக்கொண்டு, ஒருமுறை 1, 3, 5-இல் தட்டுங்கள், அடுத்தமுறை 1, 4-இல் தட்டுங்கள். எந்த விளக்கத்தையும்விட இது சீக்கிரம் புரியவைக்கும்.

படி 3: ஐந்து கோடுகள்

கிளெஃப் என்பது வரியின் தொடக்கத்தில் இடும் குறி. டிரெபிள் கிளெஃபின் சுருள் சுற்றி வளைக்கும் கோடு, கீழிருந்து இரண்டாவது, அது ஜி. பேஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் கோடு, கீழிருந்து நான்காவது, அது எஃப். இரண்டுக்கும் நடுவில், டிரெபிளுக்குக் கீழே ஒரு துணைக்கோட்டிலும் பேஸுக்கு மேலே ஒரு துணைக்கோட்டிலும் எழுதப்படுவது ஒரே நோட்டு: மிடில் சி. இந்த மூன்றையும் அடையாளமாகப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து கோடு, இடைவெளி, கோடு என்று ஏறி இறங்கிப் படியுங்கள்.

புத்தகங்கள் தரும் மனப்பாட வாக்கியங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு நோட்டுக்கும் வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால், வாசிப்பு அந்த வேகத்திலேயே நின்றுவிடும். தினமும் ஐந்து நிமிடம், தெரியாத ஒரு வரியை எடுத்து நோட்டின் பெயரைச் சொல்லியபடி கட்டையை அழுத்துங்கள். நோட்டுக்குக் கீழே எழுத்தை எழுதி வைக்காதீர்கள். கண் எழுத்தை மட்டுமே படிக்கும்.

படி 4: மேஜர் ஸ்கேலை நீங்களே கட்டுங்கள்

புத்தகத்தின் பின்பக்கத்தில் எல்லா ஸ்கேலும் அட்டவணையாக இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். வாய்ப்பாடு ஒன்றுதான், செமிடோன் கணக்கில்: 2, 2, 1, 2, 2, 2, 1. இதோடு இன்னொரு விதி: ஏழு எழுத்துகளும் வரிசையாக வர வேண்டும், எதுவும் இரண்டு முறை வரக் கூடாது, எதுவும் விடுபடக் கூடாது.

டி-யில் தொடங்கிப் பாருங்கள். முதலில் எழுத்துகளை மட்டும் எழுதுங்கள்: டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, சி, டி. இனித் தூரத்தைச் சரிபாருங்கள். டி-யிலிருந்து ஈ இரண்டு, சரி. ஈ-யிலிருந்து எஃப் ஒன்றுதான், நமக்கு வேண்டியது இரண்டு. எனவே எஃப்-ஐ ஒரு செமிடோன் உயர்த்தி எஃப் ஷார்ப். எஃப் ஷார்ப்பிலிருந்து ஜி ஒன்று, சரி. ஏ, பி இரண்டும் சரி. பி-யிலிருந்து சி ஒன்றுதான், வேண்டியது இரண்டு. எனவே சி ஷார்ப். அங்கிருந்து டி ஒன்று. முடிந்தது: டி மேஜருக்கு இரண்டு ஷார்ப்.

எஃப்-இல் தொடங்கினால் நான்காவது நோட்டு ஏ-க்கும் பி-க்கும் நடுவிலுள்ள கறுப்புக் கட்டையில் விழும். அதை ஏ ஷார்ப் என்று எழுதினால் ஏ இரண்டு முறை வரும், பி காணாமல் போகும். ஆகவே அது பி ஃபிளாட், அதாவது ஒரு செமிடோன் தாழ்த்திய பி. அழுத்தும் கட்டை ஒன்றே; ஆனால் கோட்டில் எழுதும்போது இந்த விதிதான் ஸ்கேலை ஒழுங்கான படிக்கட்டாகக் காட்டும். எழுத்தை முதலில் எழுதாமல் கட்டையை எண்ணத் தொடங்குவதுதான் இந்தப் படியில் எல்லாரும் செய்யும் தவறு.

சி, ஜி, டி, ஏ, எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட் ஆகிய ஏழையும் இப்படிக் கட்டி, வாசித்து, கூடவே பாடுங்கள். கடைசி நோட்டுக்கு முந்தையதில் நிறுத்திப் பாருங்கள். காது அடுத்த படிக்காகத் தவிக்கும். அந்தத் தவிப்பை நினைவில் வையுங்கள், படி 7-இல் வேண்டும்.

படி 5: இடைவெளிகள்

இங்கே எண்ணும் முறை மாறுகிறது, எச்சரிக்கை. செமிடோன் எண்ணும்போது தொடங்கும் நோட்டைச் சேர்க்கவில்லை. இரண்டு நோட்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்குப் பெயர் வைக்கும்போது சேர்க்க வேண்டும். சி, டி, ஈ என்று மூன்று எழுத்து; ஆகவே சி-யிலிருந்து ஈ ஒரு தேர்டு. எழுத்தைக் கொண்டு எண். செமிடோனைக் கொண்டு வகை. மைனர் தேர்டு 3 செமிடோன், மேஜர் தேர்டு 4, பெர்ஃபெக்ட் ஃபோர்த் 5, பெர்ஃபெக்ட் ஃபிஃப்த் 7, மேஜர் சிக்ஸ்த் 9, ஆக்டேவ் 12.

சி-யிலிருந்து ஈ ஃபிளாட் மைனர் தேர்டு. சி-யிலிருந்து டி ஷார்ப் என்று எழுதினால் கட்டை அதுவேதான், ஆனால் இரண்டு எழுத்துதான் இருப்பதால் அது ஆக்மென்டட் செகண்ட். விடையைத் திருத்தும்போது இதில்தான் மதிப்பெண் போகும்.

காதுக்கான பயிற்சி: சி-யை அழுத்துங்கள், ஜி வரை படிப்படியாகப் பாடுங்கள், பிறகு நடுவில் உள்ளவற்றை மனத்துக்குள் மட்டும் பாடி நேராக ஜி-க்குத் தாவுங்கள். கட்டையை அழுத்திச் சரிபாருங்கள். ஃபிஃப்த், ஃபோர்த், மேஜர் தேர்டு, மைனர் தேர்டு என்ற வரிசையில் பழகலாம்.

படி 6: கீ சிக்னேச்சர்

படி 4-ஐச் செய்தவருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. டி மேஜரின் இரண்டு ஷார்ப்களை வரியின் தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறோம், அவ்வளவுதான். ஷார்ப்கள் வரும் வரிசை எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி. ஃபிளாட்கள் அதன் தலைகீழ். கடைசி ஷார்ப்புக்கு ஒரு செமிடோன் மேலே உள்ளது மேஜர் கீ-யின் பெயர். ஃபிளாட்டுகளில் கடைசிக்கு முந்தைய ஃபிளாட்டே பெயர். ஒரே ஃபிளாட் இருந்தால் எஃப் மேஜர், இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

சர்க்கிள் ஆஃப் ஃபிஃப்த்ஸ் படத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம், கீபோர்டில் நடந்து பாருங்கள். சி-யிலிருந்து ஏழு ஏழு செமிடோனாக ஏறினால் ஜி, டி, ஏ, ஈ என்று போய், 12 தாவலில் மறுபடி சி-க்கே வருவீர்கள். ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு ஷார்ப் கூடும். பாதி வழியில் ஃபிளாட் பெயர்களுக்கு மாறிக்கொண்டால் அவை ஒவ்வொன்றாகக் குறையும்.

மைனருக்கு இங்கே சுருக்கமாக: மேஜரின் முதல் நோட்டிலிருந்து மூன்று செமிடோன் இறங்கினால், அதே கீ சிக்னேச்சர் கொண்ட மைனர். சி மேஜருக்கு ஏ மைனர்.

படி 7: கார்டு

மேஜர் கார்டு: அடி நோட்டிலிருந்து 4 செமிடோன், அங்கிருந்து 3. மைனர் கார்டு: 3, பிறகு 4. டிமினிஷ்ட்: 3, 3. சி மேஜர் ஸ்கேலில் வெள்ளைக் கட்டைகளை ஒன்று விட்டு ஒன்றாக மூன்று மூன்றாக அழுத்திக்கொண்டே ஏறுங்கள். ஒவ்வொன்றின் தூரத்தையும் நீங்களே எண்ணி வகையை எழுதுங்கள். சி, எஃப், ஜி மேஜராகவும், டி, ஈ, ஏ மைனராகவும், பி டிமினிஷ்டாகவும் வரும். வேறு எந்த மேஜர் ஸ்கேலிலும் இதே வரிசைதான்.

இப்போது இதைச் செய்யுங்கள். இடது கையில் தாழ்ந்த ஜி. வலது கையில் பி, அதற்கு மேலே எஃப், ஜி. இது ஜி செவன்த் (ஜி கார்டோடு எஃப் சேர்ந்தது), டி மட்டும் விடப்பட்டது. சில நொடிகள் அழுத்தியபடியே கேளுங்கள். பிறகு இடது கையைச் சி-க்கு மாற்றுங்கள். வலது கையில் ஜி அப்படியே இருக்கட்டும், பி ஒரு செமிடோன் ஏறிச் சி ஆகட்டும், எஃப் ஒரு செமிடோன் இறங்கி ஈ ஆகட்டும். வீட்டுக்கு வந்த உணர்வு இருக்கும். பி-க்கும் எஃப்-க்கும் நடுவே 6 செமிடோன், நிலைகொள்ளாத இடைவெளி. இரண்டும் ஆளுக்கொரு செமிடோன் நகர்ந்ததும் இழுவிசை தீர்கிறது. புத்தகம் பெர்ஃபெக்ட் கேடன்ஸ் என்று ஒரு வரியில் கடந்துபோவது இதைத்தான். இதே நகர்வை ஜி மேஜரிலும் எஃப் மேஜரிலும் நீங்களே கண்டுபிடித்து வாசியுங்கள்.

எவ்வளவு நேரம், எப்போது அடுத்த படி

தினமும் அரை மணி நேரம்: பத்து நிமிடம் புத்தகம், பத்து நிமிடம் எழுத்து, பத்து நிமிடம் வாசிப்பும் பாட்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் சேர்த்து உட்காருவதைவிட இது மேல். ஓர் அத்தியாயத்தின் பயிற்சிகளை மறுநாள் புத்தகத்தைப் பார்க்காமல் செய்து, பத்தில் ஒன்பதாவது சரியாக வந்தால் நகரலாம். தப்பாய்ப் போனவற்றை அடித்துவிட்டு விடையை எழுதிவைக்காதீர்கள்; எண்ணியதில் பிழையா, எழுத்தில் பிழையா, ஈ–எஃப், பி–சி இடங்களை மறந்ததா என்று ஓரத்தில் குறித்தால் எந்தப் படிக்குத் திரும்ப வேண்டும் என்பது தானே தெரியும்.

படி 8: தெரிந்த மெட்டு ஒன்றை எழுதுங்கள்

எட்டுப் பார் நீளமுள்ள, நன்றாகத் தெரிந்த எளிய மெட்டை எடுங்கள். கீபோர்டில் தேடி வாசியுங்கள். எந்த நோட்டில் நிம்மதியாக முடிகிறதோ அதுவே பெரும்பாலும் கீ-யின் முதல் நோட்டு. தட்டிப் பார்த்து, அழுத்தம் இரண்டிலா மூன்றிலா நான்கிலா எங்கே திரும்ப வருகிறது என்று கண்டு டைம் சிக்னேச்சர் போடுங்கள். நோட்டுகளை எழுதுங்கள், நடுக்கோட்டுக்குக் கீழே உள்ளவற்றுக்குத் தண்டு வலப்பக்கத்தில் மேல்நோக்கி, மேலே உள்ளவற்றுக்கு இடப்பக்கத்தில் கீழ்நோக்கி. ஒவ்வொரு பாரிலும் பீட்டுகளைக் கூட்டுங்கள். ஒரு பாரில் அரை பீட் குறைந்தால், முன்னால் ஏதோ ஒரு புள்ளியை விட்டிருப்பீர்கள்.

கடைசியாக, ஒவ்வொரு பாரின் முதல் பீட்டில் உள்ள நோட்டு ஸ்கேலின் முதல், நான்காம், ஐந்தாம் கார்டுகளில் எதில் இருக்கிறது என்று பார்த்து அதை இடது கையில் வையுங்கள். இரண்டில் இருந்தால் இரண்டையும் வாசித்துப் பார்த்துக் காதுக்குப் பிடித்ததை எழுதுங்கள்.

எழுதியதை இரண்டு நாள் கழித்து எடுத்து, மெட்டை நினைக்காமல் தாளில் உள்ளதை மட்டும் பார்த்து வாசியுங்கள். எங்கே மெட்டு மாறி ஒலிக்கிறதோ அங்கே பென்சிலால் வட்டமிட்டுத் திருத்துங்கள்.