பத்தாம் திகதி முதல் ஒன்பதாம் திகதி வரை: தோட்ட வீட்டின் சாப்பாட்டுச் செலவைத் திட்டமிடும் முறை

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்கு மாதம் நாட்காட்டியின் 1ஆம் திகதியில் பிறப்பதில்லை. சம்பளம் கைக்கு வரும் 10ஆம் திகதி பிறந்து, அடுத்த மாதம் 9ஆம் திகதி இரவு அடுப்பு அணையும்போது முடிகிறது. ஆகவே வீட்டுச் செலவுக்கென ஒரு கொப்பி போடுகிறவர்கள் முதல் பக்கத்தின் மேலே 10 என்று எழுதி, கீழே 9 வரை இறங்கிவர வேண்டும். 1ஆம் திகதி முதல் 31ஆம் திகதி வரை போட்ட கணக்கில், மாதத்தின் முதல் 9 நாட்கள் பழைய சம்பளத்தின் மிச்சத்திலும் மற்ற நாட்கள் புதிய சம்பளத்திலும் ஓடுவதால், எந்தப் பணம் எதற்குப் போனது என்பது கடைசிவரை தெளிவாகாது. 25ஆம் திகதியளவில் முற்பணம் எடுக்கும் வீடுகள் அந்த நாளையும் ஒரு கோடிட்டுக் காட்ட வேண்டும். ஏனென்றால் அது தனி வருமானம் அன்று. 10ஆம் திகதி வரவேண்டிய காசில் ஒரு பகுதி முன்கூட்டியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்ததாக, எந்த மாத வருமானத்தை வைத்துத் திட்டமிடுவது என்ற கேள்வி எழுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து நிறையக் கிடைக்கும்; மேலதிகக் கிலோவுக்கும் காசு வரும். ஜனவரி, பெப்ரவரி வரட்சியிலும், மேற்குச் சரிவுகளில் ஆனி ஆடி மழையிலும் வேலை நாட்கள் குறைந்து, சில நாட்கள் அரைப்பேராகவும், அதாவது அரைநாள் சம்பளமாகவும், போய்விடும். நல்ல மாதத்தின் கணக்கில் சாப்பாட்டைத் திட்டமிட்டால் மழை மாதத்தில் கடன் நிச்சயம் வரும். கடந்த ஓராண்டுச் சம்பளச் சிட்டைகளை எடுத்து, அவற்றில் மிகக் குறைவான பேர், அதாவது வேலை நாட்கள், விழுந்த மாதத்தைக் கண்டுபிடித்து, அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். 2021இல் 1000 ரூபாவாக இருந்த நாட்சம்பளம் 2024இல் 1350 ரூபாவானது. அந்தத் தொகையில் 18 நாள் வேலை என்றால் 24,300 ரூபா வரும். ஊழியர் சேமலாப நிதிக்கான 8 சதவீதம், அதாவது 1,944 ரூபா கழிந்தால் மிஞ்சுவது 22,356 ரூபா. அதிலிருந்து தொழிற்சங்கச் சந்தா, முற்பணம், தீபாவளிக்கு வாங்கிய பண்டிகை முற்பணத்தின் தவணை ஆகியவையும் கழியும். உங்கள் சிட்டையில் உள்ள தொகைகளை இந்த இடங்களில் வைத்து, கையில் உண்மையாக வரும் காசைக் கண்டுகொள்ளுங்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பும் பணத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது வந்தால் நல்லது. வராத மாதத்தில் சோறு குறையக் கூடாது.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விடயத்துக்கு வருகிறேன். சாப்பாட்டுத் திட்டத்தை ரூபாவில் தொடங்காதீர்கள், அளவில் தொடங்குங்கள். "அரிசிக்கு இவ்வளவு ரூபா, மாவுக்கு இவ்வளவு ரூபா" என்று எழுதிய பட்டியல், விலை ஏறிய அன்றே பயனற்றதாகிவிடும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது, முந்தைய ஆண்டு ரூபாவில் எழுதிவைத்த கணக்கு எதுவும் எங்கள் வீட்டில் உதவவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை சுண்டு அரிசி உலையில் போடுகிறோம் என்பது தெரிந்திருந்ததால், எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே முடியாது என்பதை உட்கார்ந்து பேசி முடிவெடுக்க முடிந்தது.

அளவைக் கண்டுபிடிக்க ஒரு கிழமை போதும். கடையில் வாங்கிய ஒரு கிலோ அரிசியில் எத்தனை சுண்டு வருகிறது என்று முதலில் அளந்து எழுதுங்கள். அரிசிக்கு அரிசி அது சற்று மாறும். பிறகு ஏழு நாட்களுக்கு, அரிசி, மா, பருப்பு, சீனி, தேங்காய் ஆகிய ஐந்தையும் எடுக்கும்போதெல்லாம் அடுப்பங்கரைச் சுவரில் தொங்கும் தாளில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். சமைப்பவர் ஒருவராக இல்லாமல் மாறி மாறி இருந்தால் இது இன்னும் அவசியம். எங்கள் வீட்டில் ஐந்து பேர்: நாங்கள் இருவர், மாமியார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். நாளொன்றுக்கு அரிசி 800 கிராம், ரொட்டிக்குக் கோதுமை மா 500 கிராம் என்று வந்தது. முப்பது நாளுக்கு அரிசி 24 கிலோ, மா 15 கிலோ. கிழமையில் நான்கு நாள் பருப்புக் கறி, ஒவ்வொரு முறையும் 200 கிராம் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. தேங்காய் நாளுக்குப் பாதி என்றால் 15 காய்.

எங்களை வியக்கவைத்தது சீனிதான். ஐந்து பேர், ஆளுக்கு மூன்று தேநீர், கோப்பைக்கு இரண்டு கரண்டி என்று பார்த்தால், கரண்டிக்கு 5 கிராம் வீதம் நாளுக்கு 150 கிராம், மாதத்துக்கு நாலரைக் கிலோ ஆகிறது. "சீனி கொஞ்சம்தானே" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த பொருள் பருப்பைவிடக் கூடுதலாகச் செலவாகியிருந்தது. கோப்பைக்கு ஒன்றரைக் கரண்டியாகக் குறைத்ததில் மாதத்துக்கு ஒரு கிலோவுக்குமேல் மிஞ்சியது. மாமியார் பழைய வழக்கப்படி உள்ளங்கையில் சிறிது சீனியை வைத்துக்கொண்டு வெறும் தேநீரைக் குடிக்கிறார். அவருக்கு ஒரு கரண்டியே தாராளம்.

அளவுகள் கையில் வந்த பிறகு வாங்கும் முறையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய், உப்பு, கருவாடு, நெத்தலி ஆகியவை சம்பளத்தன்று மொத்தமாக வாங்க வேண்டியவை. மரக்கறியும் முட்டையும் கிழமைக்கு ஒருமுறை. பாண், பச்சை மிளகாய் போன்ற சில்லறைச் சாமான்கள் மட்டும் அன்றாடம். அன்றாடச் செலவுக்கென்று ஒரு தொகையைத் தனி டின்னில் போட்டு, அது தீர்ந்தால் அடுத்த கிழமைவரை கைவைக்காமல் இருக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கும் எளிதில் வந்துவிடும்.

மொத்தமாக வாங்குவது எப்போதும் இலாபம் என்று எண்ணிவிடக் கூடாது. உதாரணத்துக்கு, பருப்பு 100 கிராம் பக்கற் 35 ரூபாவாகவும், டவுனில் ஒரு கிலோ 300 ரூபாவாகவும் இருந்தால், மூன்றரைக் கிலோவில் 175 ரூபா மிஞ்சும். ஆனால் டவுனுக்குப் போய்வர முச்சக்கர வண்டிக்கு 1200 ரூபா தனியாகக் கொடுத்தால் அந்த இலாபம் வழியிலேயே தீர்ந்துவிடும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நான்கு வீட்டார் சேர்ந்து போனால் ஆளுக்கு 300 ரூபாதான். 25 கிலோ அரிசி மூட்டையை வாங்கிப் பிரித்துக்கொள்ளவும் வசதி. பஸ்ஸில் தூக்கிவர முடிந்த பாரத்துக்குப் பஸ்ஸே நல்லது. அரசாங்கக் கடையான லங்கா சதொசவிலும் டவுன் கடைகளிலும் விலை கேட்டு, கிலோவுக்கு எவ்வளவு என்று ஒரே அளவில் கொப்பியில் எழுதிக்கொண்டால், எந்தப் பொருளுக்கு எந்தக் கடை என்பது இரண்டு மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். பக்கற்றில் அச்சிட்டுள்ள அதிகபட்ச சில்லறை விலைக்குமேல் எவரும் விற்கக் கூடாது. விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

எங்கள் பக்கத்துப் பனியையும் ஈரத்தையும் கணக்கில் எடுக்காத சிக்கனம் வீண். இரண்டு மாதத்துக்கென்று வாங்கிய மா மழைக்காலத்தில் கட்டிபட்டு வண்டு விழுந்தால், மலிவாக வாங்கியும் நட்டமே. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் வாளியில், நிலத்தில் படாமல் ஒரு பலகையின்மேல் வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் பருப்பையும் காய்ந்த மிளகாயையும் ஒருமுறை வெளியே காயவிடுங்கள். மாவை மாத்திரம் ஒரு மாதத்துக்குமேல் வாங்க வேண்டாம்.

தேங்காய் இன்று விலை கூடிய பொருளாகிவிட்டதால் அதைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உயரமான தோட்டங்களில் தென்னை வளராது. ஒவ்வொரு காயும் கீழ்நாட்டிலிருந்து லொறி ஏறித்தான் வருகிறது. காயை உடைத்ததும் கண் உள்ள பாதியை முதலில் துருவுங்கள். அந்தப் பாதிதான் விரைவில் கெடும். மற்றப் பாதியின் உட்பக்கத்தில் உப்பைத் தடவி வைத்தால் அடுத்த நாள்வரை இருக்கும். சம்பலுக்குத் துருவும்போது ஓடுவரை சுரண்டாமல், வெள்ளைப் பகுதியை மட்டும் எடுத்து, எஞ்சியதைப் பிழிந்து சொதிக்கோ பருப்புக்கோ இரண்டாம் பாலாக விடலாம். எல்லாக் கறிக்கும் பால் விட வேண்டும் என்பதும் இல்லை. கீரையையும் போஞ்சியையும் வெங்காயம் போட்டு வெறுமனே வதக்கினால் ரொட்டிக்கு நன்றாகவே இருக்கும்.

மரக்கறி விடயத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் விளையும் லீக்ஸ், கரட், கோவா பெரும்பாலும் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் மூட்டையாகப் போக, பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவர்கள் சில்லறை விலைக்கு நூறு இருநூறு கிராம் வாங்குகிறோம். கிழமைச் சந்தையில், உதாரணமாக பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தையில், மாலை வியாபாரிகள் மூட்டை கட்டும் நேரத்தில் போனால் விலை இறங்கியிருக்கும். அடிபட்ட கரட்டையும் வெளியிலை வாடிய கோவாவையும் அன்றும் மறுநாளும் சமைக்க மட்டும் வாங்குங்கள். கனமழை பெய்த கிழமையில் மரக்கறி விலை ஏறும் என்பதால், அந்த நாட்களுக்கு வீட்டருகே ஒரு சௌசௌக் கொடி இருப்பது பெரிய துணை. காயும் கறியாகும், இளந்தளிரும் சுண்டலாகும். வல்லாரையையும் கறிக்கு வேண்டிய பச்சை மிளகாயையும் பால்மா டின்னில்கூட வளர்க்கலாம்.

கடைக் கொப்பியில் வாங்கும் கடன்தான் இந்தத் திட்டத்துக்கெல்லாம் தடையாக நிற்பது. கடன் கொடுக்கும் கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. 2022இல் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது அவர்களாலேதான். இருந்தும் கொப்பியில் வாங்கும் பொருளுக்குக் காசு விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவே போடப்படுகிறது. எழுதும்போது தவறும் நேர்கிறது. ஒருமுறை எங்கள் பக்கத்தில் 5 கிலோ மா இரண்டு நாட்களுக்கு அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தது. நாங்களும் ஒரு கொப்பி வைத்து அன்றன்றே எழுதியதால்தான் அதைக் காட்டித் திருத்த முடிந்தது. கடைக் கொப்பிக்குச் சோடியாக வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கட்டும். சாமான் வாங்கிய அன்றே, வாங்கியவரே எழுதட்டும்.

கொப்பியிலிருந்து ஒரே மாதத்தில் வெளியேற முயல வேண்டாம். ஒவ்வொரு பொருளாக வெளியே எடுங்கள். மாதக் கடன் 18,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, 15,000 ரூபாவைக் கட்டி, மிச்சம் 3,000 ரூபாவில் பருப்பையும் சீனியையும் காசுக்கு வாங்குங்கள். அந்த மாதம் அவை இரண்டும் கொப்பியில் ஏறாததால் புதிய கடன் 15,000 ரூபாவாகவே இருக்கும்; பழைய பாக்கி 3,000 ரூபா வளராமல் நிற்கும். காசுக்கு வாங்கியதில் மிஞ்சும் நூறு இருநூறை அந்தப் பாக்கிக்குக் கொடுத்துவந்து, கொழுந்து அதிகமான ஏப்ரல், மே மாதங்களில் மிச்சத்தையும் அடைத்துவிடுங்கள். அதன்பின் எண்ணெய், பிறகு மா, கடைசியாக அரிசி என்று எடுக்கலாம். எங்களுக்கு இது முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. நடுவில் ஒரு மரண வீட்டுச் செலவால் மீண்டும் மாவைக் கொப்பிக்குக் கொண்டுபோக நேர்ந்தது. அப்படி நேர்ந்தால் திட்டம் கெட்டுப்போனது என்று கைவிட வேண்டாம். மற்றப் பொருட்கள் வெளியிலேயே இருக்கட்டும்.

சிக்கனத்தை முட்டையில் தொடங்காதீர்கள் என்று தாய்மாரிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 2016இல் நடந்த மக்கள்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதமாக இருக்க, தோட்டப்புறத்தில் 31.7 சதவீதமாக இருந்தார்கள். பணம் போதாத மாதத்தில் முதலில் நிற்பது முட்டையும் நெத்தலியும்தான் என்பதை எல்லோரும் அறிவோம். பிஸ்கட், பணிஸ், சோடா ஆகியவற்றுக்குப் போகும் காசை ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். பிள்ளைக்குக் கிழமையில் மூன்று முட்டை கொடுக்கும் காசு அங்கேயே இருக்கக்கூடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கிளினிக்கில் கிடைக்கும் திரிபோஷா சத்துமாவைத் தவறாமல் வாங்க வேண்டும். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது செலவில்லாத நன்மை. அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கும் வீடுகளில் அந்தத் தொகையை வேறெதிலும் கலக்காமல் அரிசிக்கும் முட்டைக்கும் என்று ஒதுக்கிவிடுவது நல்லது.

பண்டிகைச் செலவு தனிக் கணக்கு. தைப்பொங்கல், சித்திரை, தீபாவளி மூன்றுக்கும் மாதச் சாப்பாட்டுக் காசிலிருந்து எடுக்காமல், சிறிய சீட்டொன்றைக் கட்டி, முறை வரும் மாதம் தீபாவளியை ஒட்டி அமையும்படி முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இறுதியாக, சம்பளத்தன்று சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவற்றை டின்களில் கொட்டுவதற்கு முன்னரே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. மூன்று கிலோ மா, ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, கால் கிலோ நெத்தலி, கொஞ்சம் சீனி ஆகியவற்றைத் தனியாகப் பொதிசெய்து, இறுக மூடும் வாளியில் போட்டு, மேலே 3ஆம் திகதி என்று எழுதி ஒட்டி, கைக்கு எளிதில் எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். கடன் கொப்பி மிக வேகமாக நிரம்புவது 3ஆம் திகதிக்கும் 9ஆம் திகதிக்கும் இடைப்பட்ட இந்த ஏழு நாட்களில்தான். அந்தத் திகதிக்கு முன் வாளியைத் திறக்க நேர்ந்தால், திறந்த நாளையும் காரணத்தையும் மூடியிலேயே எழுதிவையுங்கள். அடுத்த மாத அளவைக் கூட்டவா குறைக்கவா என்பதை அதைப் பார்த்து முடிவுசெய்யலாம். 10ஆம் திகதி காலையில் வாளியில் ஏதாவது மிஞ்சியிருந்தால், முதலில் அதைச் சமைத்துத் தீர்த்து, புதிய சாமானை உள்ளே வையுங்கள்.