குறைந்த விலை கேமிங் மானிட்டர்: பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

காரைக்குடிக் கடைகளில் 24 அங்குல கேமிங் மானிட்டர் வாங்க வருபவர்களில் பலர், பெட்டியின் மேல் '180 ஹெர்ட்ஸ்' (திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற வேகம்) என்று அச்சிட்டிருப்பதைப் படித்ததுமே பணத்தை எடுத்துவிடுகிறார்கள். விலையைக் குறைக்கத் தயாரிப்பாளர்கள் முதலில் கை வைப்பது தாங்கியிலும் இணைப்புகளிலும் பொத்தான்களிலும்தான் என்பதால், மானிட்டரைத் திருப்பி அதன் முதுகைப் பார்க்காமல் வாங்குவதே முதல் தவறு.

கணினியிலிருந்து மானிட்டருக்குப் படத்தைக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ இணைப்பு என்றால் எல்லாம் ஒன்றே என்று எண்ணுவது அடுத்த தவறு. 1.4 வகை எச்டிஎம்ஐயில் 1080பி (1920×1080 புள்ளிகள்) படம் பொதுவாக 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், 2.0 வகையில் 240 வரை செல்ல இடமுண்டு. சில மலிவு மானிட்டர்களில் பெட்டி சொல்லும் முழு வேகம் டிஸ்ப்ளேபோர்ட் என்ற மற்றோர் இணைப்பு வழியாக மட்டுமே கிடைக்கும். உள்ளே தரும் கேபிளோ எச்டிஎம்ஐ ஒன்றாகவே இருக்கலாம். எந்த இணைப்பில் எத்தனை ஹெர்ட்ஸ் என்பதைக் கையேட்டில் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூரில் இருக்கும் என் அக்காள் மகன் 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி மூன்று மாதம் 60 ஹெர்ட்ஸிலேயே விளையாடிக்கொண்டிருந்தான். கேபிளை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தான். விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பிலும் வேகத்தை மாற்றவில்லை. இந்த இரண்டையும் முதல் நாளே சரிபார்த்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு மூன்று மாதம் வீணாகியிருக்காது.

மெனுவைக் கடையிலேயே உங்கள் விரலால் இயக்கிப் பாருங்கள். பின்புறம் ஒரே ஜாய்ஸ்டிக் இருந்தால் வேலை எளிது. கீழ் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாமல் வரிசையாக இருக்கும் பொத்தான்களில், வெளிச்சத்தைக் கூட்டப்போய் மானிட்டரையே அணைத்துவிடுவோம். திரைப் புள்ளிகள் நிறம் மாறும் வேகத்தைக் கூட்டும் ஓவர்டிரைவ் என்ற அமைப்பை உச்சத்தில் வைப்பதும் பரவலான தவறு. நகரும் உருவங்களின் பின்னால் வெளிறிய நிழல் விளிம்பு தெரிந்தால் ஒரு படி இறக்குங்கள், பெரும்பாலும் நடுநிலையே நன்றாக இருக்கும். திரையின் வேகத்தை கிராபிக்ஸ் கார்டின் வேகத்தோடு ஒத்துப்போகச் செய்யும் ஃப்ரீசிங்க், மெனுவில் அணைந்த நிலையிலேயே வருவதும் உண்டு. மானிட்டரை அணைத்து மீண்டும் போட்டால் அமைப்புகள் அப்படியே நிற்கின்றனவா என்றும் பாருங்கள்.

கட்டமைப்பைப் பொறுத்தவரை, மலிவு மானிட்டர்களின் தாங்கி பெரும்பாலும் முன்னும் பின்னும் சாயுமே தவிர உயராது. மேசையைத் தட்டினால் திரை எவ்வளவு நேரம் ஆடுகிறது என்று பாருங்கள். கணக்குப்பிள்ளை மேசையின் சரிவான பலகையில் இதை நிறுத்த நினைக்கவே வேண்டாம். பின்புறம் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால், பிறகு மானிட்டரைத் தாங்கும் தனிக் கை (மானிட்டர் ஆர்ம்) ஒன்றில் மாட்டிக்கொள்ளலாம்; சில மாடல்களில் அவையும் இருப்பதில்லை.

அந்தக் கையைச் சுவரில் பொருத்துவதற்கு முன் நம் ஊர்க்காரர்கள் நன்றாக யோசிக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்து மெருகேற்றிய பழைய சுண்ணாம்புப் பூச்சில் துளையிட்டால், உதிர்ந்த இடத்தை அதே பளபளப்போடு மீட்பது மிகக் கடினம். மேசை விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் வகையையே வாங்குங்கள். வீட்டின் நடுவே உள்ள வளவு முற்றத்து வெயில் நேராகத் திரையில் விழாதவாறு, மேசையை முற்றத்துக்குப் பக்கவாட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.