சேற்று நத்தையை உணர்கொம்பைக் கொண்டு இனங்காணும் முறை

தேம்ஸ் ஆறு கடலில் கலக்கும் சவுத்எண்ட் கரையில் நீர் வற்றும்போது கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். கப்பல்கள் வந்தணைய வேண்டும் என்பதற்காகவே அங்குள்ள மேடைப்பாலத்தை 2 கிலோமீட்டருக்கும் மேலாக நீட்டிக் கட்டினார்கள். நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றில் மிளகு தூவியதுபோல் கிடப்பவற்றுள் பெரும்பாலானவை பெரிஞ்சியா உல்வே என்னும் நத்தைகளாக இருக்கும். தாமஸ் பென்னன்ட் 1777இல் இதற்கு இட்ட பெயர் உல்வா என்னும் கடற்பாசியை நினைவூட்டினாலும், சேற்றின்மேல் படியும் டயாட்டம் என்னும் நுண்பாசிப் படலமே இதற்கு முக்கிய உணவு.

ஓத அட்டவணையைப் பார்த்து, கடல் வற்றி முடிவதற்கு முன்பே இறங்கி, நீர் திரும்பும் நேரத்தில் கரையேறிவிட வேண்டும். கால் புதையும் இடத்துக்குப் போக வேண்டியதில்லை. கரையோரத்திலேயே வேண்டிய அளவு கிடைக்கும். மேல்சேற்றை ஒரு விரற்கடை ஆழத்துக்கு மட்டும் வழித்து, டீ வடிகட்டியில் இட்டுக் கடல்நீரில் அலசினால், அரிசிமணியளவு கூம்பு ஓடுகள் தங்கும்.

ஓட்டின் உயரம் பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும். சுற்றுகள் உப்பாமல் ஏறக்குறைய தட்டையாக இருப்பதால் அவற்றுக்கிடையேயான பள்ளம் ஆழமின்றித் தெரியும். இதன் உறவான எக்ரோபியா வென்ட்ரோசாவில் சுற்றுகள் உப்பி, பள்ளம் ஆழ்ந்திருக்கும். ஆயினும் ஓட்டை மட்டும் நம்பி முடிவு சொல்வது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் ஓட்டின் வடிவம் நத்தைக்கு நத்தை மாறும், முதிர்ந்த ஓடுகளின் நுனியும் தேய்ந்திருக்கும்.

ஆகவே உயிருள்ள இரண்டு மூன்றை வெள்ளைத் தட்டில் கடல்நீர் ஊற்றி விட்டு, தட்டை அசைக்காமல் காத்திருங்கள். மூடியை விலக்கிக்கொண்டு உடல் வெளிவந்து கொம்புகள் நீண்டதும், பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் பாருங்கள்: கொம்பின் நுனியில் அன்றி, நுனிக்குச் சற்றுப் பின்னால் மை தொட்டு வைத்ததுபோல் ஒரு கறுப்புக் கறை தென்பட்டால் அது பெரிஞ்சியா உல்வேயே. சில ஓடுகளின் முதுகில் மணற்குருணைகள் ஒட்டிய சிறு திட்டுகளைக் காணலாம். அவற்றை அழுக்கென்று சுரண்டிவிடாதீர்கள், அவை வேறொரு நத்தை இட்ட முட்டைகள்.

பார்த்து முடித்ததும் உயிருள்ளவற்றை எடுத்த இடத்திலேயே விடுங்கள். காலி ஓடுகளை நன்னீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி, இடமும் தேதியும் எழுதிய துண்டுத்தாளுடன் சிறு கண்ணாடிக் குப்பியில் இடுங்கள். ப்ளீச் வேண்டாம், ஓட்டின் நிறம் போய்விடும்.