1850 லண்டன்ல கதை எழுதறீங்களா? முதல்ல யாரு யாரை எப்படி கூப்பிட்டாங்கன்னு பாருங்க

வெளிநாட்டு சரித்திரக் கதைன்னா நாம டிரெஸ், குதிரை வண்டி, கேஸ் விளக்குன்னு தேட ஆரம்பிச்சுடறோம். நானும் ரெண்டு மாசம் அதையே தேடிட்டு, முதல் அத்தியாயத்துல ஒருத்தன் கதவைத் திறந்து "ஹலோ"ன்னு சொல்ற மாதிரி எழுதிட்டேன். அந்த வார்த்தை வணக்கம் மாதிரி பரவலானதே 1876ல டெலிபோன் வந்ததுக்கு அப்புறம்தான், என் கதை நடக்கறது 1850ல, மானம் போச்சு.

அதனால முதல் வேலை, வீட்டுல இருக்கற எல்லாரையும் ஒரு பேப்பர்ல எழுதி யாரு யாரை எப்படி கூப்பிடுவாங்கன்னு கோடு போடுங்க. வசதியான வீட்டுல மூத்த பொண்ணு வெறும் மிஸ் போட்டு குடும்பப் பேரு, தங்கச்சிக்கு மட்டும் சொந்தப் பேரும் சேரும். சமையக்காரம்மாவும் ஹவுஸ்கீப்பரும் கல்யாணமே ஆகலைன்னாலும் மிஸஸ். பட்லரை குடும்பப் பேரால, சின்ன வேலைக்காரியை சொந்தப் பேரால, அதுவும் அவ பேரு எஜமானிக்கு பிடிக்கலைன்னா வேற பேரு வச்சுடுவாங்க (இது ஒண்ணுலயே ஒரு சிறுகதை இருக்கு).

இங்கதான் தமிழ்ல எழுதறவங்களுக்கு சிக்கல். இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஒரே 'யூ', மரியாதை முழுக்க பேருலயும் சார், மேடம்லயும் இருக்கு. நாம நீயா நீங்களான்னு முடிவு பண்ணியே ஆகணும், அதுக்கு அந்த பேப்பர்தான் உதவும். பொண்டாட்டி புருஷனை "என்னங்க"ன்னு கூப்பிட்டா மட்டும் கதை மயிலாப்பூருக்கு வந்துடும். நாலு பேரு முன்னாடி அவரை மிஸ்டர் போட்டு குடும்பப் பேரால சொல்றது அங்க சகஜம், அதையே வைங்க.

பேச்சுக்கு ஓல்ட் பெய்லி கோர்ட் பதிவுகளை விட்டா வேற நல்ல இடம் எனக்குத் தெரியாது. 1674ல இருந்து 1913 வரைக்கும் நெட்ல ஃப்ரீயா தேடலாம். தீர்ப்பை விடுங்க, சாட்சி சொல்றதைப் படிங்க: அன்னிக்கு மணி என்னன்னு எப்படி சொல்றாங்க, திருடு போன கைக்குட்டை எத்தனை ஷில்லிங், பக்கத்து வீட்டுக்காரி எதுக்கு ஜன்னல் பக்கம் வந்தா. ஆனா சுருக்கெழுத்துக்காரர் கொஞ்சம் திருத்தித்தான் எழுதியிருப்பார், கெட்ட வார்த்தையை அங்க எதிர்பார்க்காதீங்க.

தெருப்பேச்சுக்கு ஹென்றி மேஹ்யூ, அந்தக் காலத்து லண்டன் ஏழைங்களைப் பேட்டி எடுத்து எழுதின பத்திரிகைக்காரர். தள்ளுவண்டி வியாபாரிங்க போலீஸுக்குப் புரியாம இருக்க வார்த்தையைத் தலைகீழா திருப்பிப் பேசினதை எல்லாம் எழுதி வச்சிருக்கார், பையன்னு அர்த்தம் வர்ற 'பாய்' (boy) அப்படித்தான் 'யாப்' (yob) ஆச்சு. நாம சின்ன வயசுல பேசின க-பாஷை மாதிரிதான். அப்படியே தமிழ் எழுத்துல போட்டா ஒண்ணும் புரியாது, அதனால ரெண்டே ரெண்டு இடத்துல வச்சு அர்த்தத்தை சீன்லயே காட்டுங்க. மெட்ராஸ் பாஷையைத் தூக்கிப் போடறது ஈஸிதான், ஆனா லண்டன் திருடன் வாயில "இன்னாபா" வந்தா வாசகர் சிரிச்சுட்டு மூடிடுவாங்க.

காசு கணக்கு: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் கினி. டாக்டர் ஃபீஸ் கினியில.

வழக்கத்துக்கு மிஸஸ் பீட்டனோட வீட்டு நிர்வாகப் புத்தகம், ஆனா அது 1861, அதோட அப்படி நடக்கணும்னு சொல்றது, எல்லாரும் அப்படி நடந்தாங்கன்னு இல்ல. சம்பிரதாயமா ஒரு வீட்டுக்குப் போனா 15ல இருந்து 20 நிமிஷம் போதும், பொம்பளைங்க ஷாலையும் பானெட்டையும் (நாடிக்குக் கீழ நாடாவால முடிச்சு போடற தொப்பி) கழட்டக்கூடாதுன்னு சொல்றாங்க. இப்ப உங்க சீன்ல ஒரு விருந்தாளி பானெட் முடிச்சை அவிழ்க்க ஆரம்பிச்சா வீட்டுக்காரம்மா முகம் எப்படி மாறும்னு எழுதிப் பாருங்க.