பாய்மரக் கப்பலை எட்ட நின்றே வகை பிரிப்பது எப்படி

மலேசியாவில் எங்கள் ஆயர் தாவாரில் மரம் என்றால் ரப்பர் எடுக்கிற பால்மரம், இல்லையென்றால் செம்பனை. பக்கத்துத் துறைமுகமான லுமுட்டில் பாய்மரக் கப்பல் பார்த்துவிட்டு வந்து அந்தக் கதையை ஒட்டுக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைப் பெரியவர் “பால்மரத்திலயா கப்பல் செய்றானுங்க?” என்றார், அவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. அன்றைக்கு தே தாரேக் ஆறும்வரை அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பாய்களை எண்ணாதீர்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், நானும் செய்தேன். பாய் காற்றுக்குத் தகுந்தபடி ஏறும், இறங்கும், துறையில் நிற்கும்போது சுருட்டிக் கட்டிவிடுவார்கள். பாய்மரமும், அதற்குக் குறுக்கே சிலுவை மாதிரிக் கிடக்கிற கட்டையும்தான் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தக் கட்டைக்குப் பருமல் என்று பெயர்.

கடையில் இருந்த லிடித் துடைப்பத்திலிருந்து நாலு ஈர்க்கு உருவினேன். ஒன்றை நிறுத்தி இன்னொன்றைக் குறுக்கே வைத்து, அதில் ஒரு டிஷ்யூவைத் தொங்கவிட்டால் கொடியில் காய்கிற வேட்டிபோல இருக்கும், அது குறுக்குப்பாய். அதே டிஷ்யூவின் ஓர் ஓரத்தை மட்டும் நிற்கிற ஈர்க்கோடு ஒட்டினால் நிலையில் மாட்டிய கதவு மாதிரி இரண்டு பக்கமும் ஆடும், அது நீளப்பாய். குறுக்குப்பாய்க்குப் பின்காற்று வேண்டும், கிடைத்துவிட்டால் கப்பல் பறக்கும். எதிர்காற்றில் வளைந்து வளைந்து ஏறிப்போக நீளப்பாய்தான் தோது, அதற்கு ஆளும் குறைவாகவே வேண்டும். 1902-இல் அமெரிக்காவில் கட்டிய தாமஸ் டபிள்யூ. லாசன் என்ற ஏழு மரக் கப்பலை இருபதுக்கும் குறைவான ஆட்களே ஓட்டினார்கள். அத்தனையும் நீளப்பாய், கீழே நின்றே இழுத்துக் கட்டிவிடலாம். குறுக்குப்பாய் என்றால் ஆள் மேலே ஏறி, காலடியில் ஒரே ஒரு கயிறு, வயிற்றைப் பருமல்மேல் சாய்த்துக்கொண்டு பாயைக் கைகளால் அள்ளிச் சுருட்ட வேண்டும்.

இப்போது கப்பலைப் பாருங்கள். மூன்றே கேள்விதான்: எத்தனை மரம், எந்த மரத்தில் பருமல், பின்மரம் முன்மரத்தைவிட உயரமா குட்டையா. பக்கவாட்டில் தெரிகிறபோது பாருங்கள், நேரெதிரே வருகிற கப்பலில் ஒரு மரம் இன்னொன்றை மறைத்து ஏமாற்றிவிடும்.

ஒற்றை மரத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை, இங்கே மட்டும் பாயை எண்ணத்தான் வேண்டும். மரத்துக்கு முன்னால் ஒரு பாய் என்றால் ஸ்லூப், இரண்டு என்றால் கட்டர்.

இரண்டு மரத்தில்தான் விஷயம் இருக்கிறது. பருமலே இல்லாமல், பின்மரம் சமமாகவோ உயரமாகவோ இருந்தால் ஸ்கூனர். பின்மரம் குட்டை என்றால் கெட்ச், அந்தக் குட்டை மரம் சுக்கானுக்கும் பின்னால் ஒதுங்கி நின்றால் யால். இந்தோனேசியாவின் சுலாவெசிக்காரர்கள் கட்டுகிற பினிசிப் படகை ஸ்கூனர் என்று பலர் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் அதில் முன்மரம்தான் உயரம், ஆகவே அது கெட்ச் பக்கம். அதன் ஏழு பாய்களில் பெரிய இரண்டையும் சாய்ந்த கட்டையோரம் திரைச்சீலை ஒதுக்குவதுபோல ஒதுக்குவார்கள், பார்க்கவே அழகு. தெற்கு சுலாவெசியின் அந்தப் படகு கட்டும் கலையை 2017-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

இரண்டு மரத்திலும் பருமல் இருந்தால் பிரிக். முன்மரத்தில் மட்டும் என்றால் பிரிகன்டைன். நம் கடற்படையின் பயிற்சிக் கப்பல் துனாஸ் சமுடேரா இந்த வகைதான். இங்கிலாந்தில் லோஸ்டாஃப்டில் கட்டி 1989-இல் சேவைக்கு வந்தது, ஆஸ்திரேலியாவின் யங் எண்டெவருக்குத் தங்கை. லுமுட்டிலிருந்து பங்கோர் தீவுக்கு ஃபெர்ரியில் போகிறவர்கள் கடற்படைத் தளத்துப் பக்கம் கண்ணை வைத்திருங்கள், கப்பல் ஊரில் இருந்தால் சாம்பல் கப்பல்களுக்கு நடுவே தனியாகத் தெரியும்.

மூன்று மரத்துக்கும் கணக்கு அதேதான். எல்லா மரத்திலும் பருமல் என்றால் முழுப்பாய்க் கப்பல், லண்டன் கிரீனிச்சில் நிற்கிற 1869-ஆம் ஆண்டின் கட்டி சார்க் அப்படி. கடைசி மரத்தில் மட்டும் பருமல் இல்லையென்றால் பார்க், முதல் மரத்தில் மட்டும் இருந்தால் பார்க்கன்டைன். பக்கத்து நாடான இந்தோனேசியாவின் கடற்படையிலேயே இரண்டும் இருக்கின்றன: 1953-இன் தேவருச்சி பார்க்கன்டைன், 2017-இல் வந்த பீமாசுச்சி பார்க். இந்தியாவின் தரங்கிணி, சுதர்சினி இரண்டும் பார்க். என்னைக் கேட்டால் அழகு பார்க்தான். முன்னிரண்டு மரத்துச் சுமை அத்தனையையும் கடைசி மரம் இறக்கிவைத்த மாதிரி ஒரு நிம்மதி அந்த வடிவத்தில் இருக்கிறது.

ஒரு கண்ணி உண்டு, நான் விழுந்தது. முழுப்பாய்க் கப்பலிலும் கடைசி மரத்தின் அடியில் ஒரு நீளப்பாய் இருக்கும், அதைப் பார்த்ததும் பார்க் என்று சொல்லிவிடுவோம். கண்ணை மேலே கொண்டுபோங்கள், அதே மரத்தில் பருமல் இருந்தால் அது பார்க் இல்லை. பிரிக்கிலும் இதே வேலைதான்.

இந்தக் கணக்கில் அடங்காதவையும் உண்டு. நெடுங்கட்டையைச் சரித்துக் கட்டி முக்கோணப் பாய் விரிக்கிற அரபுத் தௌவுக்கு மரத்தை எண்ணிப் பெயர் வைக்க முடியாது. விசிறி மாதிரி மூங்கில் வரிச்சு வைத்த பாய் என்றால் சீன ஜங்க். திரெங்கானுவின் பினாஸ், பெடார் படகுகள் பிறப்பால் மலாய்க்காரர்கள், பாயால் பாதிச் சீனர்கள்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பெரியவர் ஈர்க்கை ஓரமாக ஒதுக்கினார். “சின்ன வயசில அப்பாவோட நான் வந்த ரஜூலாவிலயும் மரம் நின்னுச்சே தம்பி, அது என்ன வகை?” ரஜூலா நீராவிக் கப்பல் ஐயா, அந்த மரம் சரக்கு தூக்குகிற கட்டையைத் தாங்க நின்றது, பாயோ பருமலோ கிடையாது என்றேன். “அப்ப அது வெறும் மரந்தானா” என்று சொல்லிவிட்டு மீதித் தேநீரைக் குடித்தார்.